காசு வாங்கும்போது விற்பனை, கைமாற்றும்போது உரிமமா?

நண்பர் ஒருவர் காலமாகி ஏழு மாதங்களாகின்றன. ஒலிநாடாக் காலத்தில் தொழிலைத் தொடங்கியவர். யாழ்ப்பாணத்தில் தமது வீட்டின் பின்னறையையே ஒலிப்பதிவுக்கூடமாக்கி, ஆலயங்களுக்கு ஊஞ்சற்பா இறுவட்டுக்கள், பாடசாலை நாடகங்களுக்குப் பின்னணி இசை, புலம்பெயர்ந்த உறவுகளின் கலியாண வீடியோக்களுக்கு வாழ்த்துப் பாடல் என்று கிடைத்த வேலையையெல்லாம் செய்து பிள்ளைகளை ஆளாக்கியவர்.

அந்தியேட்டி முடிந்து சில வாரங்களின் பின் அவருடைய மனைவி என்னை வீட்டுக்கு அழைத்திருந்தார். கூடத்திலுள்ள பொருட்களை விற்க வேண்டும், விலை சொல்ல ஆளில்லை என்றார். ஆர்மோனியத்தை ஓர் இசை ஆசிரியை இரண்டே நாளில் வாங்கிச் சென்றார். கீபோட், இரண்டு மைக், கலப்புப் பலகை எல்லாம் ஒரு மாதத்தில் போய்விட்டன. எஞ்சியது கணினி. அதைச் சுட்டிக்காட்டி அவர் சொன்னார்: "அண்ணை, இதுக்குள்ளதான் அவர் கூடக் காசு போட்டவர். இதை என்ன விலைக்குக் குடுக்கலாம்?"

அவர் சொன்னது உண்மை. ரொறன்ரோவிலுள்ள மகளின் கடனட்டையில், பத்தாண்டுகளாகச் சிறிது சிறிதாக வாங்கிய இசைத் தயாரிப்பு மென்பொருளும் வாத்திய ஒலித் தொகுப்புகளும் அதற்குள் இருந்தன. பற்றுச்சீட்டுக்களைக் கூட்டிப் பார்த்தேன். விற்ற பொருட்கள் அனைத்தினதும் விலையைவிட அது அதிகம். களவாகப் பிரதி செய்தது ஒன்றுகூட இல்லை. பம்பலப்பிட்டிக் கடைகளில் நூறு ரூபாவுக்கு எல்லா மென்பொருளும் கிடைத்த காலத்திலும், 'காசு குடுத்து வாங்கினால்தான் தொழிலிலை மரியாதை' என்று பிடிவாதமாக நின்ற மனிதர் அவர்.

குடும்பத்தின் சார்பில் மென்பொருள் நிறுவனத்துக்கு நானே மின்னஞ்சல் எழுதினேன். நான்கு வரிகளில் பதில் வந்தது. ஆழ்ந்த அனுதாபங்கள் ஒரு வரி. உரிமம் வாங்கியவருக்கு மட்டுமே உரியது, எவருக்கும் கைமாற்ற இயலாது என்பது மிகுதி மூன்று வரிகள். நிறுவனத்தின் பெயரை இங்கு எழுதப்போவதில்லை. இது ஒரு நிறுவனத்தின் நோயல்ல என்பதே காரணம்.

என் கேள்வி எளிமையானது. இணையக் கடையில் 'வாங்குக' என்ற பொத்தானை வைக்கிறார்கள். 'விலை' என்று எழுதுகிறார்கள். தீபாவளிக்கு நமது புடவைக்கடைகள் செய்வதைப்போல ஆண்டிறுதியில் 'மலிவு விற்பனை' என்று கூவுகிறார்கள். பணம் கைமாறும்வரை இது விற்பனை. மறுநாள் அதை இன்னொருவருக்குக் கொடுக்க முனைந்தால், நாம் எதையும் விற்கவேயில்லை, பயன்படுத்தும் அனுமதியை மட்டுமே தந்தோம் என்கிறார்கள். ஒரே கொடுக்கல் வாங்கலுக்கு இரண்டு பெயர்களா?

இந்தத் தந்திரம் புதியதல்ல. அமெரிக்கப் பதிப்பகம் ஒன்று தனது நாவலின் உள்ளே, இதனை ஒரு டொலருக்குக் குறைவாக எவரும் விற்கக்கூடாது, விற்றால் பதிப்புரிமை மீறல் என்று அச்சிட்டு வெளியிட்டது. நியூயோர்க்கின் மேசிஸ் அங்காடி அதனை 89 சதத்துக்கு விற்றது. வழக்கு உச்சநீதிமன்றம்வரை சென்றது. 1908ஆம் ஆண்டு நீதிமன்றம் பதிப்பகத்தின் வாதத்தை நிராகரித்தது. ஒரு பிரதியை ஒருமுறை விற்றுவிட்டால், அந்தப் பிரதியின் பின்னைய விற்பனையில் உமக்கு அதிகாரமில்லை என்பதே அதன் சாரம். பழைய புத்தகக் கடைகள் தழைத்தது இந்தக் கோட்பாட்டின் நிழலில்தான்.

மென்பொருள்காரர்கள் இதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு சந்து கண்டார்கள். விற்பனை என்றால்தானே இந்தச் சட்டம்? உரிமம் என்று பெயரிடு, தீர்ந்தது வேலை. கட்டடக்கலை நிறுவனமொன்று கழித்துவிட்ட ஓட்டோகாட் பொதிகளை வாங்கி ஈபேயில் விற்ற ஓர் அமெரிக்கருக்கு எதிராக, 2010ஆம் ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. ஒப்பந்தத்தில் கைமாற்றத் தடை எழுதப்பட்டிருந்தால் அவர் உரிமையாளர் அல்ல என்றது. பதிவிறக்கிய பாடல்களை மறுவிற்பனை செய்ய முனைந்த ரீடிஜி என்ற சேவையும் 2018இல் நியூயோர்க் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. அங்கு காரணம் வேறு. கோப்பை அனுப்பும்போது புதிய பிரதி உருவாகிறது என்றார்கள்.

ஐரோப்பா நேரெதிராகத் தீர்ப்பளித்தது. ஒரக்கிள் நிறுவனத்தின் பழைய உரிமங்களை விற்றுவந்த யூஸ்ட்சொப்ட் என்ற ஜெர்மனிய நிறுவனத்தின் வழக்கில், 2012 ஜூலை 3ஆம் திகதி ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்னது இது: ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு, கால எல்லையின்றிப் பயன்படுத்த மென்பொருளைக் கொடுத்தால் அது விற்பனையே. உரிமம் என்று பெயரிடுவதால் அதன் குணம் மாறாது. பதிவிறக்கமாயினும் வட்டாயினும் ஒன்றே. ஒப்பந்தத்தில் தடை எழுதினாலும் மறுவிற்பனையை நிறுத்த முடியாது. விற்பவர் தன்னிடமுள்ள பிரதியைப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட வேண்டும் என்பதே முக்கிய நிபந்தனை. (மின்னூல்களுக்கு இதே நீதிமன்றம் 2019இல் வேறுவிதமாகத் தீர்ப்பளித்தது. புத்தகப் பிரியர்கள் அவசரப்பட்டு மகிழ வேண்டாம்.)

அந்தத் தீர்ப்பு யாழ்ப்பாணத்தைக் கட்டுப்படுத்தாது, ரொறன்ரோவையும் கட்டுப்படுத்தாது. ஆயினும் விற்பனை எது என்ற கேள்விக்கு நேர்மையான விடை அதில் இருக்கின்றது.

இனி இசை மென்பொருள்களைப் பார்ப்போம். எது சிறந்தது என்று இளைஞர்கள் இரவிரவாக வாதிடுகிறார்கள். மேடைக்கு இது, திரையிசைக்கு அது, தாளத்துக்கு வேறொன்று. அந்த ஒப்பீடுகளில் வாங்கியதைப் பிறகு விற்கலாமா என்ற ஒரு வரியைக் காண்பது அரிது. உண்மை விலை அந்த வரியில் அல்லவா இருக்கின்றது!

ஜெர்மனியின் ஏபிள்டன் லைவ் கைமாற்றத்தை அனுமதிக்கின்றது. அதற்குக் கட்டணமும் வாங்குவதில்லை. கல்விச் சலுகையில் வாங்கியவற்றை மட்டும் விற்க முடியாது, அது நியாயம். ஸ்டெயின்பேர்க்கின் கியூபேஸையும் கைமாற்றலாம். முன்பு அதன் உரிமம் டொங்கிள் எனப்படும் சிறு குச்சியில் இருந்தது. குச்சியைக் கையில் கொடுத்தால் உரிமமும் போனது, ஆர்மோனியத்தைக் கொடுப்பதுபோல. குச்சிக்கான சேவையை 2025 மே மாதத்தில் நிறுத்திவிட்டார்கள். பழைய பதிப்பு வைத்திருப்பவரின் உரிமம் இப்போது அந்தக் குச்சியின் ஆயுளோடு கட்டப்பட்டிருக்கின்றது. இன்னும் பல நிறுவனங்கள் நம்பியிருக்கும் ஐலொக் முறையில், வெளியீட்டாளர் அனுமதித்தால், உரிமமொன்றைக் கைமாற்ற 25 டொலர் அறவிடுகிறார்கள். கூலி அதிகம்தான். ஆனாலும் கதவு திறந்திருக்கின்றது.

அப்பிளின் லொஜிக் புரோவின் கதை சுவையானது. 2007ஆம் ஆண்டுவரை அதுவும் பெட்டியும் டொங்கிளுமாக 999 டொலருக்கு விற்கப்பட்டது. பின்னர் 499 ஆகி, 2011இன் இறுதியில் இணையக் கடைக்குள் புகுந்து 199.99 டொலரானது. விலை ஐந்திலொன்றாகியது, வாங்கியவரின் கணக்கோடு அது நிரந்தரமாகப் பிணைக்கவும் பட்டது. பெட்டியாக வாங்கியவர் அதைக் கையிலெடுத்துக் கொடுக்கலாம். கணக்கில் வாங்கியவர் தன் மகனுக்கும் எழுதி வைக்க முடியாது. பெல்ஜியத்தின் எஃப்.எல். ஸ்டூடியோ ஒருமுறை வாங்கினால் வாழ்நாள் முழுவதும் புதிய பதிப்புகளை இலவசமாகத் தருகின்றது. ஆனால் விற்கவோ மாற்றவோ கூடாது. வாத்திய ஒலித் தொகுப்புகளை விற்கும் நிறுவனங்களில் பலவும் அவ்வாறே.

இங்கே எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். வாழ்நாள் இலவசம் என்பது ஒரு மனிதரின் வாழ்நாளைக் கணக்கிட்டு வைத்த விலை. அந்த உரிமம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறினால் நிறுவனம் சாகும்வரை உழைத்துக் கொடுக்க வேண்டியதுதான். ஒப்புக்கொள்கின்றேன். அப்படியானால் கைமாறும்போது இலவசப் புதுப்பித்தல் நின்றுபோகும் என்று விதி செய்யுங்கள். வாங்கிய நாளில் இருந்த பதிப்பு மட்டும் போகட்டும். அதற்கும் மறுத்தால், உங்கள் கவலை புதுப்பித்தற் செலவு அல்ல, இரண்டாவது வாங்குநரும் உங்களிடமே முழுவிலை கொடுக்க வேண்டும் என்பதுதான்.

விற்றவர் ஒரு பிரதியை ஒளித்து வைத்துக்கொள்வார் என்பது இன்னொரு வாதம். இந்த மென்பொருள்கள் நிறுவனத்தின் கணக்கோடு பேசித்தான் இயங்குகின்றன. ஒருவரின் கணக்கிலிருந்து நீக்கி மற்றவரின் கணக்கில் சேர்ப்பது ஒரு பொத்தான் வேலை. ஏபிள்டனுக்குக் கைகூடுவது மற்றவர்களுக்கு ஏன் கைகூடாது? ஒலித் தொகுப்புகளில் இந்த அச்சத்துக்குச் சற்று ஆதாரமுண்டு, கோப்பை நகலெடுத்து வைக்கலாம். ஆனால் களவெடுக்க நினைப்பவன் முதலில் காசு கொடுத்து வாங்கவே மாட்டான். தடையால் நட்டப்படுபவர் என் நண்பரைப் போன்றவர்தான்.

இலங்கையர்களுக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. ஜப்பானில் ஓடிய வாகனத்தை ரீகண்டிஷன் என்று வாங்கி, பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடி ஓட்டும் நாடு இது. இறக்குமதி நின்றிருந்த ஆண்டுகளில் பழைய வாகனங்கள் வாங்கிய விலையைவிட அதிகத்துக்குப் போயின. வாகனத்தை நாங்கள் விற்கவில்லை, ஓட்ட அனுமதி மட்டுமே தந்தோம் என்று டொயோட்டா சொல்லியிருந்தால் பாதி நாடு நடந்துதான் போயிருக்கும்.

அதிலும் 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐ எட்டியதை நாம் கண்டோம். இன்று 300 ரூபாக் கணக்கில் பார்த்தாலும், 749 டொலர் பெறுமதியான ஏபிள்டனின் முழுத்தொகுப்பு இரண்டேகால் இலட்சம் ரூபா. கோண்டாவிலில் இசை பழகும் பிள்ளைக்கு அந்தத் தொகைக்கு வழியில்லை. லண்டனில் ஒருவர் பயன்படுத்தி முடித்ததைப் பாதி விலையில் நேர்மையாக வாங்க வழியிருந்தால், அந்தப் பிள்ளை களவுப் பிரதியை நாடத் தேவையில்லை. அந்த வழியை அடைத்துவிட்டு, மூன்றாம் உலகில் திருட்டு அதிகம் என்று கண்ணீர் வடிக்கிறார்கள்.

'வாழ்நாள்' என்ற சொல்லையும் சற்றுச் சோதிக்க வேண்டும். சோனார் என்ற மென்பொருளுக்கு 2016இல் வாழ்நாள் புதுப்பித்தல் விற்றது கேக்வோக். அதன் உரிமையாளரான கிப்சன், 2017 நவம்பரில் அந்த மென்பொருளின் உருவாக்கத்தையே நிறுத்திவிட்டது. அடுத்த ஆண்டு பாண்ட்லாப் வாங்கி இலவசமாக வெளியிட்டதால் பயனர்கள் தப்பினார்கள். எவருடைய வாழ்நாள் என்று அவர்கள் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

மறுவிற்பனை கேட்டால் எல்லோரும் மாதச் சந்தாவுக்குப் போய்விடுவார்கள் என்று பயமுறுத்துவோரும் உண்டு. 2023 மார்ச்சில் வேவ்ஸ் நிறுவனம் நிரந்தர உரிமங்களை நிறுத்தி, இனிச் சந்தா மட்டுமே என்று அறிவித்தது. உலகெங்கும் ஒலிப்பதிவாளர்கள் கொதித்தெழ, சில நாட்களிலேயே மன்னிப்புக் கேட்டு அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. ஆகவே சந்தாவும் விதியல்ல. வாடகைக்குத்தான் தருவோம் என்றால் வாடகை என்று பலகை மாட்டட்டும், வாடகை விலையும் கேட்கட்டும். வீட்டை விற்ற விலையை வாங்கிக்கொண்டு, குடியிருப்பவன் செத்ததும் சாவியைத் திருப்பித் தா என்பது எந்த ஊர் வழக்கம்?

நண்பரின் கணினியை இன்னும் விற்கவில்லை. சண்டிலிப்பாயிலிருந்து ஓர் இளைஞன் வந்து பார்த்தான். மென்பொருளைச் சேர்த்துக் கொடுக்க முடியாது என்றேன். வெறும் இயந்திரத்துக்கு அவன் சொன்னது அறுபதாயிரம் ரூபா. அப்போது நண்பரின் மனைவி கேட்டார்: "உள்ளுக்கு இருக்கிறதை அழிச்சுப்போட்டோ குடுக்கிறது?"

அவர் கேட்டபின்தான் எனக்கு உறைத்தது. உள்ளே இருப்பது மென்பொருள் மட்டுமல்ல. முடிக்கப்படாத பதிவுகள், தனித்தனித் தடங்களாக இருக்கும் பழைய ஊஞ்சற்பாக்கள், இப்போது உயிருடன் இல்லாத இரண்டு நாதஸ்வர வித்துவான்களின் வாசிப்பு. அவை அந்த மென்பொருளின் கோப்புகளாகவே இருக்கின்றன, முழுமையாகத் திறப்பது அதில் மட்டும்தான். கணினி பழுதாகி வேறொன்றில் நிறுவ வேண்டுமானால் இறந்தவரின் கணக்கு வேண்டும். கடவுச்சொல்லை அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை.

சென்ற வாரம் நிறுவனத்துக்கு மீண்டும் எழுதியிருக்கின்றேன். விற்பதற்கு அனுமதி கேட்கவில்லை. பணம் கட்டிய மகளின் பெயருக்கு உரிமத்தை மாற்றித் தாருங்கள், தகப்பனின் கோப்புகளைத் திறப்பதற்காக மட்டும் என்று கேட்டிருக்கின்றேன். மரணச் சான்றிதழையும் பற்றுச்சீட்டுக்களையும் இணைத்திருக்கின்றேன். பதில் வந்தால், எதுவாயினும், இப்பக்கத்திலேயே வெளியிடுவேன்.