முதல் வரிசையில் இருந்த கடை எங்கே?

செவ்வாப்பேட்டையில் கடை வைத்திருப்பவர் ராத்திரி பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார். காலையில் வந்து பார்த்தால் கடை பின்சந்துக்குள் போய்க் கிடக்கிறது! தூக்கி வைத்தது யார்? கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

இப்படி நடக்குமா? தெருவில் நடக்காது. செல்போனில் நடக்கிறது.

வெளியூர்க்காரருக்கு சேலம் வெள்ளிக் கொலுசு வேண்டுமா, இளம்பிள்ளைச் சேலை வேண்டுமா, திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி வேண்டுமா? இன்று முதலில் தட்டிப் பார்ப்பது கூகுளைத்தான். மேலே நாலைந்து பெயருக்குள் வந்தவருக்கு போன் வருகிறது. மூன்றாம் பக்கத்தில் கிடப்பவரை யாரும் சீண்டுவதில்லை.

யார் முன்னால், யார் பின்னால் என்பதை முடிவு செய்வது கூகுளின் கம்ப்யூட்டர் கணக்கு. அல்காரிதம் என்கிறார்கள். இதை அந்தக் கம்பெனி வருஷத்தில் பல தடவை மாற்றுகிறது. 2024 மார்ச் 5-ந் தேதி தொடங்கிய ஒரு மாற்றம் ஏப்ரல் 19-ந் தேதிதான் முடிந்தது.

மாற்றவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அடுத்தவர் எழுதியதைக் காப்பியடித்து மேலே வந்தவர்களை 2011-ல் 'பாண்டா' என்ற மாற்றம் கீழே இறக்கியது. காசு கொடுத்து சிபாரிசு வாங்கிய பேர்வழிகளை 2012-ல் 'பென்குயின்' கவனித்துக் கொண்டது. நல்லதுதான்!

ஆனால் களை பிடுங்கும்போது பயிரும் சேர்ந்து போனால்? மாற்றம் வருகிறது என்று பொதுவாக அறிவிக்கிறார்கள். உன் கடை ஏன் இறங்கியது என்று சொல்வதில்லை. நாமக்கல்லில் முட்டை விலை அஞ்சு காசு மாறினாலும் எவ்வளவு என்று ஊருக்கே தெரிகிறது. பண்ணைக்காரர் கணக்குப் போட்டுக் கொள்கிறார். இங்கே எதை வைத்துக் கணக்குப் போடுவது?

பெரிய கம்பெனியைத் தட்டிக் கேட்கவே முடியாது என்பதில்லை. சென்னையில் உள்ள பாரத் மேட்ரிமோனி கம்பெனியும் ஒரு நுகர்வோர் அமைப்பும் கொடுத்த புகார்களை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு 135 கோடியே 86 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. விமான டிக்கெட் தேடுபவர் முன்னால் தன் சொந்தப் பெட்டியைத் தூக்கி வைத்தது குற்றங்களில் ஒன்று. கூகுள் அப்பீலுக்குப் போனது.

இதற்கு நடுவே இன்னொரு கூட்டம் புகுந்திருக்கிறது. "இவ்வளவு கொடுங்க சார், முதலிடம் கேரண்டி" என்று போனில் பேசும் ஆசாமிகள்! வியாபாரிகளே, ஏமாந்து போகாதீர்கள். முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. விளம்பரம் என்று போட்டு வருகிற இடத்துக்குத்தான் காசு. மற்ற வரிசைக்குக் கூகுள் காசு வாங்குவதில்லை.

சரியான விலாசம், போன் நம்பர், சொந்தச் சரக்கின் படம், நேர்மையான விவரம் இவை போதும். வாடிக்கையாளர் நம்பரையும் குறித்து வையுங்கள். கூகுள் கைவிட்டாலும் அது கைவிடாது.

அரசு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வரிசையில் இறக்கப்பட்ட சிறு வியாபாரி காரணம் கேட்கவும், தமிழில் பதில் பெறவும் ஒரு வழி வேண்டும். நடைபாதைக் கடையை எடுக்கக்கூட நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே! செல்போனில் இருக்கும் கடைக்கு மட்டும் ஏன் இல்லை?