காரணம் சொன்னாலே போதுமா?



போன மாதம் ஆலனில் ஒரு நண்பர் வீட்டில் காக்னிசண்ட் வழக்கு பற்றிப் பேச்சு வந்தது. "நம்ம பசங்க மேல வயித்தெரிச்சல், வேற என்ன?" என்றார் ஒரு அண்ணன். நானும் பல வருஷம் அப்படி நினைத்தவன்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காக்னிசண்ட் சென்னையில் பிறந்து, நியூஜெர்சியில் தலைமையகம் வைத்திருக்கும் கம்பெனி. இந்தியர் அல்லாத முன்னாள் ஊழியர்கள் சிலர் 2017இல் லாஸ் ஏஞ்சல்ஸில் அதன்மேல் வழக்குப் போட்டார்கள். புராஜெக்டிலிருந்து எடுத்தார்கள், பெஞ்சில் உட்கார வைத்தார்கள், பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள் என்பது புகார். 2023இல் முதல் ஜூரியால் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. 2024 அக்டோபரில் இரண்டாவது ஜூரி, இந்தப் பாகுபாடு வேண்டுமென்றே செய்யப்பட்டது, அதுவே கம்பெனியின் வழக்கமாகவும் இருந்தது என்று தீர்ப்புச் சொன்னது. கம்பெனி அதை மறுக்கிறது. ஆனால் இதே மாதிரி ஒரு வழக்கில் 2018இல் ஓக்லாந்து ஜூரி டிசிஎஸ் பக்கம் நின்றது. அதனால் "ஜூரின்னாலே நமக்கு எதிரி" என்ற வாதம் நிற்காது.

ஜூரி எதை எடை போடுகிறது என்பதைச் சட்டத்தின் முன்அனுமானங்கள் தீர்மானிக்கின்றன. தனி ஆள் ஒருவர் வழக்குப் போட்டால், தனக்குத் தகுதி இருந்தது, ஆனாலும் சந்தேகப்படும்படியான சூழலில் வேலை போனது என்று முதலில் காட்ட வேண்டும். காட்டினால் பாகுபாடு நடந்திருக்கிறது என்று சட்டம் அனுமானிக்கும். அந்த அனுமானத்தின் ஆயுசு ரொம்பக் குறைவு. டெக்சஸ் அரசுத் துறை ஒன்றின்மேல் ஒரு பெண் ஊழியர் போட்ட வழக்கில், 1981இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: முதலாளி ஒரு காரணத்தை முன்வைத்தாலே போதும், அதை நிரூபிக்க வேண்டியதில்லை. அனுமானம் அத்தோடு மறைந்துவிடும். அந்தக் காரணம் பொய் என்று தெரிந்தாலும் தொழிலாளி தானாக ஜெயித்துவிட மாட்டார் என்று 1993இல் இன்னொரு தீர்ப்பு. அந்தப் பொய்யிலிருந்தே ஜூரி பாகுபாட்டை ஊகிக்கலாம் என்று 2000இல் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது.

கூட்டமாகப் போனால் கணக்கு மாறுகிறது. நெடுந்தூர லாரி வேலை மறுக்கப்பட்ட கறுப்பின, ஸ்பானியப் பெயர் கொண்ட ஓட்டுநர்கள் தொடர்பான வழக்கு 1977இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பாகுபாடுதான் கம்பெனியின் வழக்கம் என்று நிரூபணமாகிவிட்டால், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் அநியாயம் நடந்ததாகவே அனுமானம். இல்லை என்று நிரூபிக்கும் சுமை இப்போது முதலாளி தலையில். காரணம் சொன்னால் மட்டும் போதாது. காக்னிசண்ட் வழக்கின் கனம் இங்கேதான் இருக்கிறது.

"அது அவங்க பிரச்சினை, நமக்கென்ன?" என்பீர்கள். எச்-1பியில் வேலை போனால் அதிகபட்சம் அறுபது நாள் அவகாசம் என்பது நமக்குத் தெரியாததா? அந்தப் பயத்தில் வாயைத் திறக்காத ஆளை விரும்பும் முதலாளி, வாயைத் திறக்கக்கூடியவரை வெளியே அனுப்புகிறார். பெஞ்சில் இருப்பவரும் அவர் இடத்துக்கு வருபவரும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். இங்கே டெக்சஸில், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாத வரை, காரணமே இல்லாமல் வேலையை விட்டு நீக்கலாம் என்பதுதான் சட்டத்தின் முதல் அனுமானம். பாகுபாட்டுச் சட்டம் அதில் விழுந்த ஒரு சின்ன ஓட்டை. அந்த ஓட்டையையும் நாமே கையெழுத்துப் போட்டு அடைக்கிறோம். ஆர்பிட்ரேஷன் ஷரத்தில் ஜூரி கிடையாது. கூட்டாக வழக்குப் போடும் உரிமையையும் அதில் பறிக்கலாம் என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

இந்த வாரம் உங்கள் ஆஃபர் லெட்டரை எடுத்து அந்த ஷரத்து இருக்கிறதா என்று பாருங்கள். குடியுரிமை வாங்கியவர்கள், காலின் கவுண்டியிலிருந்து ஜூரி சம்மன் வந்தால் சாக்குச் சொல்லித் தப்பிக்காதீர்கள். முதலாளி சொல்லும் காரணத்தை நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் பன்னிரண்டு பேரில், வேலை போகும் பயம் என்னவென்று தெரிந்த ஒருவராவது இருக்கட்டும்.

அந்த அண்ணனுக்கும் இதை அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

தோழமையுடன்.