முதுகை நிமிர்த்தும் சில கவளங்கள்



அண்மையில் ஒரு நாள் பிற்பகல் பாடம் நடந்துகொண்டிருந்தபோது, மாணவி ஒருத்தி விரித்து வைத்திருந்த கிதாபின் மீதே தலை சாய்ந்து மயங்கினாள். வயது 19. வரும் ஷவ்வாலில் நிக்காஹ் நிச்சயமாகியிருக்கும் பெண். முகத்தில் நீர் தெளித்துக் காற்றோட்டமாகப் படுக்க வைத்தோம். நன்கு நினைவு திரும்பிய பின்னர் சர்க்கரை கலந்த நீரைச் சிறிது சிறிதாக அருந்தச் செய்தோம். செய்தி அறிந்து அவளுடைய உம்மா பதறியடித்து ஓடி வந்தார்.

அவளது பையில் கிதாபுகளுக்கு நடுவே இரண்டு புட்டிகள் இருந்தன. ஒன்று காலி, மற்றொன்று பாதி. சோடாவைப் போல வாயு ஏற்றிய நீர். ‘ஸ்பார்க்ளிங் வாட்டர்’ என்று இப்போது பெரிய கடைகளில் விற்கிறார்கள் அல்லவா, அதுதான். விசாரித்தபோது விஷயம் வெளிவந்தது. பெண் பார்க்க வந்த வீட்டாரில் ஒருவர், “பெண் கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறாள்” என்று சொல்லிச் சென்றாராம். அன்றிலிருந்து காலை உணவு இல்லை, இரவு உணவும் இல்லை. பசி எடுக்கும்போதெல்லாம் இந்த நீர். கைப்பேசியில் யாரோ சொன்ன யோசனை. அரபு நாட்டிலிருந்து விடுப்பில் வந்திருந்த காக்காவும் நல்லெண்ணத்தோடு பெட்டி பெட்டியாக வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

“இதைக் குடித்தால் பசி அடங்கும், உடம்பும் இளைக்கும் என்கிறார்களே! உண்மைதானா ஆலிமா?” என்று அந்தத் தாய் கேட்டார். நான் மொழியும் மார்க்கமும் பயின்றவள். மருத்துவம் பயின்றவள் அல்லள். எனவே உடனே விடை சொல்லவில்லை. படித்தும், கற்றறிந்த மருத்துவர்களிடம் கேட்டும் அறிந்துகொண்டதை இம்மாதம் உங்கள் முன் வைக்கின்றேன். ஏனெனில் அந்தக் கேள்வி இன்று ஒரு வீட்டின் கேள்வி மட்டுமன்று.

பெயர் புதிதாக இருந்தாலும் பொருள் பழையதுதான். கரியமிலவாயுவை அழுத்தம் கொடுத்து நீரில் கரைப்பதே சோடாவின் இரகசியம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வாழ்ந்த ஜோசப் பிரீஸ்ட்லி என்ற அறிஞர் 1767ஆம் ஆண்டில் இதைச் செய்து பார்த்தார். 1772இல் செய்முறையைச் சிறு நூலாகவும் வெளியிட்டார். நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் ‘டப்’பென்று உடைத்துத் தரும் கோலி சோடாப் புட்டியை வடிவமைத்து, 1872இல் காப்புரிமை பெற்றவர் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர்.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நீண்ட கடற்பயணங்களில் மாலுமிகளை வாட்டிய ‘ஸ்கர்வி’ நோயை இந்த வாயு நீர் தடுக்கும் என்று பிரீஸ்ட்லி நம்பினார். அந்த நம்பிக்கை பொய்த்தது. ஸ்கர்வியைப் போக்குவது எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற கனிகளில் உள்ள வைட்டமின் சி என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆக, எலுமிச்சையும் சோடாவும் சேர்ந்த குவளையில் மருந்து எலுமிச்சையில்தான் இருக்கிறது. பொங்கும் குமிழிகளில் இல்லை. இல்லாத குணத்தைச் சோடாவின் மேல் ஏற்றிச் சொல்வது அது பிறந்த நாளிலேயே தொடங்கிவிட்டது.

சரி, பசியை அது அடக்குகிறதா?

வாயு ஏற்றிய நீர் வயிற்றை அடைந்ததும், உடலின் சூட்டில் வாயு பிரிகின்றது. இரைப்பை சற்று விரிகின்றது. அந்த விரிவை உணரும் நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளையும் ‘வயிறு நிறைந்தது’ என்று எண்ணிக்கொள்கின்றது. 2012இல் ஜப்பானில் வெளியான ஓர் ஆய்வில், இரவு முழுதும் உண்ணாதிருந்த இளம்பெண்களுக்கு 250 மில்லி லிட்டர் வாயு நீர் கொடுத்துப் பார்த்தார்கள். சாதாரண நீர் அருந்தியபோது இருந்ததைவிட வயிறு நிறைந்த உணர்வு கூடுதலாக இருந்தது. ஆகவே, ‘பசி அடங்கியது போல இருக்கிறது’ என்று அந்த மாணவி சொன்னது பொய்யன்று. ஆனால் அது வாயு தங்கியிருக்கும் நேரம் வரைதான். ஒரு பகுதி ஏப்பமாகிறது. எஞ்சியது இரத்தத்தில் கலந்து மூச்சுக் காற்றோடு வெளியேறுகின்றது. வந்த விருந்தாளி போய்விட்டார். வீடு மீண்டும் காலி.

இதற்கு நேர்மாறான செய்தியும் உண்டு. அது பாலஸ்தீனத்திலிருந்து வந்தது. மேற்குக் கரையில் உள்ள பிர்ஸைத் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு அது. வாயு ஏற்றிய பானங்களை ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அருந்திய எலிகள், வாயு நீக்கிய பானத்தையோ குழாய் நீரையோ அருந்திய எலிகளைவிட விரைவாக எடை கூடின. காரணம், பசியைத் தூண்டும் ‘கிரெலின்’ என்னும் சுரப்பு அவற்றின் உடலில் மிகுந்து, அவை கூடுதலாகத் தின்றதுதான். ஆரோக்கியமான 20 ஆண்களைச் சோதித்தபோதும், வாயுப் பானம் அருந்திய பின்னர் கிரெலின் கூடியிருந்தது. எலியின் மீது நடந்ததை அப்படியே மனிதர் மீது ஏற்றிச் சொல்லிவிட முடியாது. 20 பேர் சிறிய எண்ணிக்கையுங்கூட. எனினும், பசியை அடக்க அருந்திய பானமே சற்று நேரத்தில் பசியைத் தூண்டவும் கூடும் என்ற எச்சரிக்கை அதில் இருக்கின்றது.

எடையைக் கரைக்குமா என்ற கேள்விக்கு, 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜப்பானிய மருத்துவர் ஒருவர் கணக்குப் போட்டே விடை சொல்லிவிட்டார். இரத்தத்தில் சேரும் கரியமிலவாயுவினால் சிவப்பணுக்கள் குளுக்கோஸைச் சற்றுக் கூடுதலாகப் பயன்படுத்தக்கூடும் என்பது கருத்து. சிறுநீரக நோயாளிகளுக்குச் செய்யும் டயாலிசிஸை அவர் இதனோடு ஒப்பிட்டார். நான்கு மணி நேரத்தில் சுமார் 48 லிட்டர் இரத்தம் கருவியின் வழியே சுழன்று வந்தும், செலவாகும் குளுக்கோஸ் 9.5 கிராம் அளவுதான். அஃதாவது, இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை! அவ்வளவு பெரிய ஏற்பாட்டிலேயே இவ்வளவுதான் என்றால், ஒரு புட்டி நீரால் என்ன கரையும்? வாயு நீரை மட்டும் நம்பி எடை குறைக்க இயலாது என்பதே அவர் கண்ட முடிவு.

அப்படியானால் சோடாவால் பயனே இல்லையா? உண்டு, இனிப்புப் பானத்துக்கு மாற்றாக அருந்தினால் உண்டு. 300 மில்லி லிட்டர் கோலா பானத்தில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. நாள்தோறும் அதை அருந்துகிறவர் ஓராண்டில் ஏறத்தாழ 11 கிலோ சர்க்கரையைக் குடித்துவிடுகிறார். அவர் அதை விட்டுச் சர்க்கரை சேராத வாயு நீருக்கு மாறினால் நிச்சயம் நன்மைதான். அந்த நன்மை வாயுவால் வருவதன்று. சர்க்கரை நீங்கியதால் வருவது. வெறும் தண்ணீருக்கும் அதே சிறப்பு உண்டு. 2010இல் அமெரிக்காவில் நடுத்தர வயதினரும் முதியோரும் கலந்துகொண்ட ஓர் ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டுடன் ஒவ்வொரு வேளை உணவுக்கு முன்னரும் அரை லிட்டர் தண்ணீர் அருந்தியவர்கள், 12 வாரங்களில் மற்றவர்களைவிட ஏறக்குறைய 2 கிலோ கூடுதலாக எடை குறைந்தார்கள். நம் வீட்டுப் பானைத் தண்ணீருக்கு விலை ஏது?

நெஞ்செரிச்சலும் வயிற்று உப்புசமும் உள்ளவர்கள் வாயு நீரைத் தவிர்ப்பது நலம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்புச் சோடாவின் பக்கமே போகலாகாது. புட்டியை வாங்குமுன் அதன் மேல் அச்சிட்டிருக்கும் சர்க்கரை, சோடிய அளவுகளைப் படித்துப் பாருங்கள். பேரீச்சம்பழத்தாலும் தண்ணீராலும் நோன்பு திறப்பதே நாயகம் (ஸல்) அவர்களின் வழிமுறை. வெறும் வயிற்றில் முதன்முதலாகச் சோடாவை ஊற்றி வயிற்றை ஊதச் செய்யாதீர்கள்.

வலீமா விருந்துகளில் நாம் காணும் காட்சி ஒன்றையும் சொல்ல வேண்டும். சஹனில் பிரியாணியை நெஞ்சு முட்ட உண்டுவிட்டு, “ஒரு சோடா குடித்தால் எல்லாம் செரித்துவிடும்” என்பார்கள். பெரிய ஏப்பம் ஒன்று வந்ததும் செரித்துவிட்டதாக மகிழ்வார்கள். வெளியே வந்தது சோடாவின் வாயு. பிரியாணி இருந்த இடத்திலேயே இருக்கிறது! பெருமானார் (ஸல்) அவர்களின் முன்னிலையில் ஒருவர் ஏப்பம் விட்டபோது, அதை அடக்கிக்கொள்ளுமாறு கூறி, இவ்வுலகில் மிகுதியாக வயிறு நிரப்புவோர் மறுமையில் நெடிது பசித்திருப்பர் என்று அவர்கள் எச்சரித்ததாகத் திர்மிதியில் பதிவாகியுள்ளது.

இனி, என் தவற்றைச் சொல்ல வேண்டும். மயங்கி எழுந்த அந்தப் பெண் என்னைப் பார்த்து, “வயிற்றில் மூன்றில் ஒரு பங்குதான் உணவுக்கு என்று தாங்கள்தானே பாடம் நடத்தினீர்கள் ஆலிமா?” என்றாள். நான் வாயடைத்துப் போனேன். ஆம், அந்த ஹதீஸை நான் பலமுறை நடத்தியிருக்கின்றேன். உணவுக்கு ஒரு பங்கு, நீருக்கு ஒரு பங்கு, மூச்சுக்கு ஒரு பங்கு என்ற பின்பகுதியையே அழுத்தி அழுத்திச் சொல்லியிருக்கின்றேன். அதற்கு முன்னால் வரும் சொற்களை விரைந்து கடந்துவிட்டேன். ஆதமின் மகனுக்கு அவனது முதுகை நிமிர்த்தி வைக்கும் சில கவளங்கள் போதும் என்பது அங்கேதான் இருக்கிறது. போதும் என்ற சொல்லைப் பார்த்தேனே தவிர, முதுகை நிமிர்த்தும் என்ற சொல்லைப் பார்த்தேனில்லை. உணவுக்கு அளவு சொன்ன அதே வாக்கு, உணவின் நோக்கத்தையும் சொல்லியிருக்கின்றது. முதுகு நிமிராமல் கிதாபின் மீது சாய்ந்தவள் அந்தச் சில கவளங்களையும் பறிகொடுத்தவள். மூச்சுக்கென விட்ட பங்கு புட்டிக் காற்றை அடைப்பதற்கும் அன்று.

நோன்பு நோற்கும் நாளில்கூட, ஸஹர் உணவில் பரக்கத் இருக்கின்றது; உண்ணுங்கள் என்று ஏவிய மார்க்கம் இது. யாரோ ஒருவர் சொல்லிப் போன ஒரு சொல்லுக்காகப் பட்டினி கிடப்பதை எப்படி அது ஏற்கும்? உடல் கனம் உண்மையிலேயே கூடுதலாக இருந்தால் மருத்துவரைக் கண்டு, உணவை அளவாக்கி, நடந்து, உழைத்து, பொறுமையாகக் குறைத்துக்கொள்ளலாம். அது அமானிதத்தைப் பேணுவது. பெண் பார்க்கப் போகும் சகோதரிகளே! உங்கள் நாவிலிருந்து உதிரும் ஒரு சொல் ஒரு வீட்டின் அடுப்பையே அணைத்துவிடும் என்பதை மறவாதீர்கள்.

ஸல்மான் (ரலி) அவர்கள் தம் சகோதரர் அபூதர்தா (ரலி) அவர்களின் இல்லத்துக்குச் சென்ற செய்தி புகாரியில் வருகின்றது. உபரியான நோன்பு நோற்றிருந்த அவர், விருந்தினருக்கு உணவு வைத்துவிட்டுத் தாம் உண்ணாதிருந்தார். நீர் உண்ணாதவரை நானும் உண்ண மாட்டேன் என்று ஸல்மான் (ரலி) மறுத்தார்கள். அவரும் உண்டார். உம் உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு என்ற கருத்தில் ஸல்மான் (ரலி) அறிவுறுத்தியதை, அவர் சொன்னது உண்மையே என நபி (ஸல்) அவர்களும் உறுதி செய்தார்கள்.

மறுநாள் நண்பகலில் அந்த மாணவியை அழைத்து என் எதிரே அமர்த்தினேன். ஒரே தட்டில் சோறும் மீன் ஆணமும் வைத்தேன். “நீ கை வைக்காதவரை நானும் உண்ணப் போவதில்லை” என்றேன். சற்று நேரம் தலை குனிந்திருந்தாள். பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லி முதற் கவளத்தை எடுத்தாள்.

ஒரு பங்கு உணவால் நம் முதுகையும், ஒரு பங்கு நீரால் நம் தாகத்தையும், ஒரு பங்கு மூச்சால் நம் வணக்கத்தையும் பேணி வாழும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.