பாஷைக்குத் தெய்வீகம் உண்டா?

ஒரு பாஷை தேவ பாஷை என்றும், மற்றது நீச பாஷை என்றும் சொல்லி வயிறு வளர்க்கும் கூட்டம் நம் நாட்டில் இன்னும் இருந்து வருகின்றது. கலியாணத்தில் ஓதப்படும் மந்திரத்துக்கு அர்த்தம் மாப்பிள்ளைக்கும் தெரியாது, பெண்ணுக்கும் தெரியாது. பல இடங்களில் ஓதுகிறவருக்கே தெரியாது. தஞ்சைப் பெரிய கோவில் குடமுழுக்கில் தமிழுக்கும் இடம் கேட்டு 2020-ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை வரை போக வேண்டியிருந்தது. ஆகவே, பாஷையைப்பற்றிப் பௌத்தர்கள் என்ன சொன்னார்கள் என்பதைத் தோழர்கள் அறிவது நலமென்று கருதுகின்றோம்.

பௌத்த நூல்கள் பகுத்தறியும் அறிவை நான்காகப் பிரிக்கின்றன. பொருளை அறிதல், அதன் காரணமான தருமத்தை அறிதல், அவற்றைச் சொல்லும் மொழியை அறிதல், தடையின்றி விளக்கும் ஆற்றல் என்பன அவை. மூன்றாவதற்கு ‘நிருத்தி’ என்று பேர். மொழி மூன்றாவதாக வைக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டுகின்றோம். பொருள் முந்தியது, சொல் அதற்கு வேலைக்காரன்.

பார்ப்பன குலத்தில் பிறந்த இரு பிக்குகள் புத்தரிடம் சென்று, “பல ஜாதியாரும் தங்கள் தங்கள் பேச்சில் சொல்லித் தங்கள் வாக்கைக் கெடுக்கின்றார்கள், வேத நடையில் மாற்றிவிடலாமா?” என்று கேட்டதாக விநய நூல் கூறுகின்றது. புத்தர் கண்டித்தார். அப்படிச் செய்வது குற்றமென்றும், சொந்த மொழியிலேயே கற்கலாமென்றும் விதித்தார். மற்றொரு சூத்திரத்தில், ஒரே பாத்திரத்துக்கு ஊருக்கு ஊர் வேறு பேர் இருப்பதைக் காட்டி, என் ஊர்ப் பேரே சரியென்று சாதிக்காதே என்றார். செல்லூர்த் தறிக்காரருக்கு இதை விளக்கவும் வேண்டுமா? பாவு சிக்கினால் அவர் நூலைப் பார்ப்பாரே தவிர, நூலின் பேருக்குக் கற்பூரம் காட்டுவாரா?

நிற்க, பின்வந்த பௌத்தர்களும் இந்தப் பித்தத்துக்குத் தப்பவில்லை. 5-ம் நூற்றாண்டில் இலங்கையில் உரை எழுதிய புத்தகோஷர், ‘சொந்த மொழி’ என்பதற்குப் புத்தருடைய மாகத மொழி என்று அர்த்தம் செய்துவிட்டார். தமிழ்த் தாய்க்கும் ஆந்திரத் தகப்பனுக்கும் பிறந்த குழந்தை, எந்தப் பேச்சும் காதில் விழாமல் வளர்ந்தால், தானாகவே மாகதம் பேசுமென்றும் உரைநூல் சொல்லுகின்றது. பேச்சே கேளாத பிள்ளை எந்தப் பாஷையும் பேசாது என்பதே உண்மை. நம் தமிழும் தப்பவில்லை. 11-ம் நூற்றாண்டில் புத்தமித்திரர் செய்த வீரசோழியம், அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என்கின்றது. புத்தர் பேரால் வந்தாலும் புரட்டு புரட்டுத்தான்.

இதன் பலனைப் பாருங்கள். உறையூர்ப் புத்ததத்தர் சோழ நாட்டிலிருந்துகொண்டு பாளியில் எழுதினார். இன்று தமிழ் மக்களில் எத்தனை பேருக்கு அவர் பேர் தெரியும்? மதுரைக் கூலவாணிகர் என்று சொல்லப்படும் சாத்தனாரோ தமிழில் மணிமேகலை செய்தார். 1898-ல் உ.வே. சாமிநாதய்யர் அச்சிட்ட பின், படித்தவர் கையிலெல்லாம் அது இருக்கின்றது. பல மதத்தாரிடமும் ஒரு பெண் கொள்கை கேட்டுத் தள்ளுவதும், காட்சி, அனுமானம் என்னும் இரண்டே பிரமாணம் என்று அவளுக்குச் சொல்லப்படுவதும் அதில் உண்டு. அதாவது, பெரியவர் சொன்னார் என்பது மட்டும் தனிப் பிரமாணமாகாது.

ஆகவே தோழர்களே! வடமொழியை இறக்கிவிட்டு அந்தப் பீடத்தில் தமிழை ஏற்றிக் கும்பிடச் சொல்லுகிறோமில்லை. பீடமே வேண்டாம் என்கின்றோம். அடுத்த கலியாணத்தில் மந்திரம் ஓதுகிறவரை அர்த்தம் கேளுங்கள். சொன்னால் அது தக்கதா என்று யோசியுங்கள். சொல்லத் தெரியாதவருக்குத் தட்சணை எதற்கு?