பாரி ஏன் தேரைக் கொடுத்தான்?

முல்லைக்குத் தேர் கொடுத்தவர் யார் என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் “பாரி!” என்று கத்தும். ஏன் கொடுத்தான் என்று யாரும் கேட்பதில்லை. “சின்னப் பிள்ளைக்குக் காரண காரியமெல்லாம் புரியாது, முதலில் எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும். கதை என்றால் நீதியைச் சொன்னால் போதும்” என்ற நம்பிக்கை நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. இது பிள்ளைகளுக்கு இழைக்கும் அநீதி.

சிறு பிள்ளைகளின் காரண அறிவைக் குறைவாக மதிப்பிட்டு 1920களில் உளவியலாளர் பியாஜே எழுதியது உண்மைதான். ஆனால் 1979-இல் புல்லக், கெல்மன் என்ற இரு ஆய்வாளர்கள் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். முன்னால் நடந்ததுதான் பின்னால் நடந்ததற்குக் காரணம் என்று மூன்று வயதிலேயே பெரும்பாலோர் சரியாகக் காட்டினார்கள்.

பிள்ளைகளுக்குக் காரணம் புரியும் என்பதைக் காண, திருக்கோவிலூரில் ஆய்வுக்கூடமே வேண்டாம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணை நிரம்பி, நொடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணை ஆறு பொங்கி வந்ததை ஆற்றங்கரைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள். மேற்கே மழை கொட்டியது, அணை நிரம்பியது, மதகைத் திறந்தார்கள், வெள்ளம் வந்தது. இதை நான்கு படமாக வரையச் சொல்லுங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பிறகு இரண்டாம் படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, “அணை நிரம்பாமல் இருந்திருந்தால்?” என்று கேளுங்கள். பிள்ளை யோசிக்கும். நாமோ ‘வெள்ளம்’ என்ற சொல்லைப் பத்து முறை எழுதிவரச் சொல்கிறோம்.

அதே ஆற்றுக்குள் நிற்கிறது கபிலர் குன்று. அதற்கும் பாரிக்கும் தொடர்பு உண்டு. மூவேந்தர் பாரியின் பறம்பு மலையை முற்றுகையிட்டதால் அவன் மாண்டான். அவன் மாண்டதால் மகள்கள் நிர்க்கதியானார்கள். அதனால் பாரியின் நண்பரான புலவர் கபிலர் அவர்களை அழைத்துக்கொண்டு இந்த ஊருக்கு வந்தார் என்பது இங்கே வழங்கும் கதை. ஒன்றிலிருந்து ஒன்றாகக் காரணம் விளையும் இந்தக் கதையை, ‘கொடை நல்லது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். கொடுமை!

எழுத்தே தெரியாத பிள்ளை எப்படி எழுதும் என்பார்கள். பிள்ளை சொல்லட்டும், ஆசிரியர் கரும்பலகையில் எழுதட்டும். தான் சொன்னதை அது ஆசையாகப் படிக்கும். எழுத்தும் சேர்ந்தே வரும். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் கதை, பாட்டு, செயல்பாடு என்று 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்துக்குள்ளேயே இதற்குத் தாராளமாக இடம் உண்டு.

ஆசிரியர்களே, பெற்றோரே, அடுத்த முறை கதை முடிந்ததும் நீதியைச் சொல்லாதீர்கள். ஏன் அப்படி நடந்தது என்று கேளுங்கள். பிள்ளை வாய் திறக்கும்வரை பொறுத்திருங்கள்.