ஒன்றின் குறை அனைத்தின் குறை

ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பார்கள் பெரியோர். கூடியவர்களுள் ஒருவர் கால் இடறினால் தேர் என்னவாகும் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும் அன்றோ? இவ்வாண்டு அறிவியல் கண்காட்சிக்காக நாங்கள் ஐவர் சேர்ந்து லித்தியம் மின்கல அடுக்கு ஒன்றைச் செய்தோம். அதிலிருந்து நாங்கள் கற்ற பாடத்தை இங்கே கூற விரும்புகிறோம். சமன் செய்யப்படாத மின்கல அடுக்கு எவ்வளவு நன்றாக வேலை செய்வதுபோல் தோன்றினாலும், அதை எந்த வீட்டிலும் வைத்திருக்கக் கூடாது என்பதே எங்கள் கருத்து.

லித்தியம் அயனி மின்கலம் 1991-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்க உழைத்த ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவரும் 2019-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். இன்று கைப்பேசி முதல் மின்சார ஸ்கூட்டர் வரை இக்கலம் இல்லாத இடமே இல்லை எனலாம். எனவே இது நமக்குச் சம்பந்தமில்லாத பொருள் என்று தோழியர் எவரும் ஒதுங்கிவிட முடியாது.

பழைய மடிக்கணினி ஒன்றின் பேட்டரியிலிருந்து எடுத்த நான்கு கலங்களை நாங்கள் தொடர் இணைப்பில் சேர்த்தோம். ஒவ்வொன்றும் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையது. ஒரு கலம் முழுமையாக மின்னேறினால் 4.2 வோல்ட், நான்கும் சேர்ந்தால் 16.8 வோல்ட். அதற்கேற்ற சார்ஜரையும் வாங்கினோம். மின்தடை நேரத்தில் படிக்க உதவும் விளக்கு அழகாக எரிந்தது. எங்கள் மகிழ்ச்சிக்கு அளவே இல்லை!

ஒரு மாதம் சென்றதும், மூன்று மணி நேரம் எரிந்த விளக்கு ஒரு மணி நேரத்திலேயே மங்கியது. கலங்களை வாங்கிய கடையில் கேட்டோம். "மொத்தம் 16.8 வருகிறதல்லவா? பிறகென்ன குறை?" என்றார்கள். நாங்களும் நம்பினோம். எங்கள் அறிவியல் ஆசிரியைதான், "மொத்தத்தைப் பார்த்தது போதும், ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள்" என்றார். மல்டிமீட்டரை வைத்தோம். மூன்று கலங்களில் 4.15 வோல்ட், மூன்றாவதாக வைத்திருந்த கலத்தில் மட்டும் 4.35 வோல்ட்! கூட்டிப் பார்த்தால் சரியாக 16.8. விளக்கு எரிந்து வடிந்தபின் மீண்டும் அளந்தோம். மற்றவை 3.4 வோல்ட்டில் நிற்க, அதே கலம் 2.6-க்கு இறங்கியிருந்தது.

இது எப்படி நேர்ந்தது? தொடர் இணைப்பில் எல்லாக் கலங்களிலும் ஒரே மின்னோட்டம்தான் பாயும் என்று நம் பாடநூலில் படித்திருக்கிறோம். நான்கு குடங்களில் ஒரே அளவாக நீர் ஊற்றினால் சிறிய குடம் முதலில் வழியும். ஒரே அளவாக மொண்டால் அதுவே முதலில் வற்றும். சார்ஜருக்கோ நான்கு குடங்களும் தெரியா. கூட்டுத்தொகை ஒன்றே தெரியும். வகுப்பின் சராசரி மதிப்பெண் அறுபது என்றால் எல்லோரும் தேர்ச்சி பெற்றுவிட்டார்கள் என்று பொருளாகுமா?

அளவுக்கு மீறி மின்னேற்றினால் கலத்தின் எதிர்முனையில் லித்தியம் உலோகமாகவே படியும். அளவுக்கு மீறி வடிந்தால் உள்ளிருக்கும் தாமிரத் தகடு கரைந்து, பின்னர் உள்ளேயே குறுக்குச் சுற்று ஏற்படலாம். உள்ளிருக்கும் திரவமோ எளிதில் தீப்பற்றக் கூடியது. இதையெல்லாம் அறியாமல், எங்களுள் ஒருத்தியின் வீட்டில் இந்த அடுக்கை இரவெல்லாம் மின்னேற்றி வந்தோம். அதே அறையில்தான் அவளுடைய தம்பி உறங்கினான். இதை நினைத்தால் இன்றும் எங்கள் நெஞ்சு பதறுகிறது.

சமன் செய்யும் பலகை விலை கூடுதல் என்று சிலர் தவிர்க்கிறார்கள். அதன் வேலை மிக எளியது. முதலில் நிறைந்த கலத்தின் குறுக்கே ஒரு மின்தடையை இணைத்து, மிகுதியை வெப்பமாக வெளியேற்றுகிறது. 4.2 வோல்ட்டில் 42 ஓம் தடை இருந்தால், ஓம் விதிப்படி 0.1 ஆம்பியர் பாயும். ஒரு கலம் 0.2 ஆம்பியர் மணி அளவு முந்தியிருந்தால் அதைச் சமன் செய்ய இரண்டு மணி நேரம் ஆகும். இவ்வேலை பெரும்பாலும் மின்னேற்றத்தின் கடைசிக் கட்டத்தில்தான் நடக்கிறது. பச்சை விளக்கைக் கண்டவுடன் கழற்றிவிடும் அவசரக்காரர்களுக்கு இதனால் பயன் கிட்டாது. பொறுமையும் இதில் ஒரு கருவியே.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. முன்னும் பின்னுமாக மின்னேறிய கலங்களைத்தான் சமன் செய்ய முடியும். கொள்ளளவு குன்றிய கலத்தை எந்தப் பலகையாலும் இளமையாக்க முடியாது. எங்கள் மூன்றாவது கலம் அத்தகையதே. அதை விலக்கிவிட்டு, கொள்ளளவு ஒத்த நான்கு புதிய கலங்களைத் தேர்ந்தோம். ஒவ்வொன்றையும் தனித்தனியே 4.2 வோல்ட் வரை மின்னேற்றி, சற்று ஓய்வு கொடுத்து, அளந்த பிறகே இணைத்தோம். சமன் செய்யும் பாதுகாப்புப் பலகையும் ஃபியூஸும் சேர்த்தோம். இப்போது ஆசிரியையின் கண்முன்னே, பகலில் மட்டுமே மின்னேற்றுகிறோம்.

"பெண் பிள்ளைகளுக்கு ஏன் இந்த விஷப் பரீட்சை? கடையில் வாங்கினால் போகிறது" என்பாரும் உண்டு. அவர்களுக்கு எங்கள் விடை இதுதான்: வாங்கும் பொருளிலும் இதே கலங்கள்தாம் இருக்கின்றன. அறியாமல் அருகில் வைத்துக்கொண்டு உறங்குவதைவிட, அறிந்து அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவது மேல். பாதுகாப்புப் பலகையும் பெரியவர் துணையும் இல்லாமல் இதில் இறங்குவதை நாங்களும் கண்டிக்கிறோம்.

ஆகவே, அருமைத் தோழியரே, மொத்தம் சரியாக இருக்கிறது என்ற சொல்லைக் கேட்டு மயங்காதீர்கள். ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள். குறை ஒளிந்திருக்கும் இடம் அப்போதுதான் புலப்படும்.

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு