கணக்குக் கேட்டவன்தான் குற்றவாளியா?

அமெரிக்க நாட்டின் வருமானவரித் துறைத் தலைவராயிருந்த ஜான் காஸ்கினென் என்பவரைப் பதவியினின்று நீக்க வேண்டுமென்று, 2015 அக்டோபர் 27-ஆம் நாள் அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபையில் ஒரு தீர்மானம் கொணரப்பட்டது. சபையின் கண்காணிப்புக் குழுத் தலைவர் ஜேசன் சாஃபெட்ஸ் அதனைக் கொணர்ந்தார். ஜனாதிபதியும் நீதிபதிகளும் அல்லாத ஓர் அதிகாரிமீது அச்சபை இவ்வகைக் குற்றச்சாட்டை அதற்கு முன் நிறைவேற்றியது 1876-ஆம் ஆண்டில்தான். அத்துணை அரிய ஆயுதத்தை ஒரு வரி அதிகாரிமேல் ஓங்குவானேன்? விடை அவருடைய மேசைமேல் இல்லை. வரிச் சட்டத்தின் ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது.

1913-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டம், சமூக நலனுக்காக 'மட்டுமே' இயங்கும் சங்கங்களுக்கு வரிவிலக்கு அளித்தது. தமிழில் பிரிநிலை ஏகாரம் என்றும், அரபி இலக்கணத்தில் ஹஸ்ரு என்றும் நாம் படிக்கிறோமே, அந்த வரையறைதான் இது. 'இப்பணம் ஏழைகளுக்கே' என்றால் பிறர்க்கு அதில் ஒரு காசும் இல்லை என்பது பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் 1959-இல் அரசாங்கம் வகுத்த விதி, அந்த 'மட்டுமே'யை 'முதன்மையாக' என்று மாற்றிப் பொருள் கொண்டது. சட்டம் அடைத்த கதவை விதி திறந்துவிட்டது. பாதிக்குமேல் சமூக நலம் என்று சொல்லிக்கொண்டு எஞ்சியதைத் தேர்தலில் இறக்கலாம் என்று வழக்கறிஞர்கள் வழிகாட்டினர். இச்சங்கங்கள் தமக்குப் பணம் கொடுத்தவர் யாரென்று பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்பதும் சட்டமே.

2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கம்பெனிகளும் சங்கங்களும் தேர்தலில் தாமாகச் செலவிடுவதற்கு வரம்பில்லை என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், கொடுப்பவர் பெயரை வெளியிடச் சொல்வது செல்லும் என்று ஒன்பதின்மருள் எண்மர் கூறினர். முதற்பாதியைப் பணக்காரர் பற்றிக்கொண்டனர். பிற்பாதி ஏட்டோடு நின்றது. 2012-ஆம் ஆண்டுத் தேர்தலில் பெயர் தெரியாத பணம் 30 கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று.

வரிவிலக்குக் கோரும் விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றை ஆய்ந்த வரித்துறை தவறு செய்தது. அதை மறைப்பது நீதமன்று. 'டீ பார்ட்டி', 'பேட்ரியட்ஸ்' போன்ற பெயர்களைக் கண்டாலே விண்ணப்பங்களைத் தனியே ஒதுக்கித் தாமதப்படுத்தினர் என்றும், வேண்டாத கேள்விகளைக் கேட்டனர் என்றும் 2013 மே மாதத் தணிக்கை அறிக்கை கூறியது. செயலைப் பாராது பெயரைப் பார்த்தது குற்றமே. 'புரொகிரசிவ்', 'ஆக்குபை' என்னும் எதிரணிப் பெயர்களும் அவ்வாறே பொறுக்கப்பட்டன என்பது 2017 அறிக்கையில் வெளிவந்தது.

ஆனால் காஸ்கினென் பதவியேற்றதே 2013 டிசம்பரில்தான். பழைய கடிதங்கள் பதிந்திருந்த 422 நாடாக்கள் அவர் காலத்தில், 2014 மார்ச்சில், அழிக்கப்பட்டன. நாடாளுமன்றத்திடம் அவர் உண்மை கூறவில்லை என்றும் குற்றம் சாட்டினர். கவனக்குறைவு பெரிதுதான். எனினும் வேண்டுமென்றே சான்றை அழித்ததற்கு ஆதாரமில்லை என்று தணிக்கையாளரே எழுதினர். நீதித்துறை, வழக்குத் தொடர இடமில்லை என்று 2015 அக்டோபர் 23-இல் விசாரணையை முடித்தது. நான்காம் நாள் பதவி நீக்கத் தீர்மானம் எழுந்தது!

அடுத்து நடந்ததையே நேயர்கள் ஊன்றி நோக்க வேண்டும். எது அரசியல், எது சமூக நலம் என்று தெளிவாக வரையறுக்கும் புதிய விதியை 2013 நவம்பரில் அரசு முன்வைத்தது. இரு தரப்பிலிருந்தும் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட கருத்துகள் வரவே, திருத்தி எழுதுவதாகக் கூறி 2014 மே மாதம் அதனைத் திரும்பப் பெற்றது. 2015 டிசம்பரில் இயற்றிய செலவுச் சட்டத்தில், அப்படியொரு விதியை வரித்துறை எழுதவே கூடாது என்று காங்கிரஸ் ஒரு வரியைச் செருகியது. அடுத்தடுத்த ஆண்டுகளின் செலவுச் சட்டங்களிலும் அத்தடை மீண்டும் இடம்பெற்றது. அளவுகோல் கோணலாக இருக்கிறது என்று அதிகாரியைக் கூண்டில் ஏற்றிய அதே மன்றம், கோலை நிமிர்த்தக் கூடாது என்று அவன் கையையும் கட்டிற்று. இதற்கு நியாய விசாரணை என்று பெயரிடுவார் எவரோ?

இறுதியில் 2016 டிசம்பர் 6-ஆம் நாள், 342-க்கு 72 என்ற வாக்குகளால் தீர்மானம் நீதிக் குழுவுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே மாண்டது. காஸ்கினென் தம் பதவிக்காலத்தை 2017 நவம்பரில் முழுமையாக முடித்துக்கொண்டார். பெயரில்லாப் பணத்திற்கோ ஒரு கீறலும் இல்லை. கொடுப்பவர் பெயரை வரித்துறைக்குக்கூட அனுப்ப வேண்டாம் என்று 2020-இல் விதியே வந்துவிட்டது. அவ்வாண்டுத் தேர்தலில் இத்தகைய பணம் ஜனநாயகக் கட்சியின் பக்கமே மிகுதியாகப் பாய்ந்தது. 2021-இல் ஒரே ஒரு தொழிலதிபர், பழமைவாதிகள் நடத்தும் அறக்கட்டளை ஒன்றுக்கு 160 கோடி டாலர் மதிப்புள்ள தம் கம்பெனியைக் கொடுத்தார். மறு ஆண்டு பத்திரிகையாளர் தோண்டி எடுத்த பின்னரே நாடு அதனை அறிந்தது. ஆகவே இது ஒரு கட்சியின் பாவமன்று. இரு கட்சிகளும் ஒரே திரைக்குப் பின்னால் உண்கின்றன.

கொடுப்பவனுக்கும் பாதுகாப்பு வேண்டாவோ என்று கேட்பார் உளர். வேண்டும். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்திடம் உறுப்பினர் பட்டியலை அலபாமா மாநிலம் கேட்டபோது, தர வேண்டியதில்லை என்று 1958-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது நல்ல தீர்ப்பு. ஏனெனில் பெயர் வெளிவந்தால் அந்த எளியவர்களின் வேலை போகும், உயிரும் போகலாம். ஆனால் ஆளப்படுபவனுக்கு வேண்டிய திரை, ஆள்பவனை விலை பேசுபவனுக்கும் உரியதாகுமோ? கோழிக்குஞ்சைக் காக்கக் கூடை கவிழ்த்தால், அதற்குள் பருந்து வந்து அமர்ந்துகொண்டு இடம் கேட்கிறது.

ஒரு செய்தி வந்தால், சொன்னவர் யார் என்று வினவுவது அரபிக் கல்வியின் முதற்பாடம். அறிவிப்பவர் இன்னாரென்று தெரியாவிடில் 'மஜ்ஹூல்' என்று சொல்லி நிறுத்திவிடுவர். சொல் எவ்வளவு இனித்தாலும் எடைக்கு ஏறாது. வாக்காளனுக்கும் அந்த உரிமை வேண்டும். ஒருவரைப் புகழ்ந்தும் ஒருவரை இகழ்ந்தும் காதில் வந்து விழும் குரலுக்குக் கூலி கொடுத்தவன் யாரென அறியாதவன், எடைக்கல் இல்லாத தராசைப் பிடித்திருக்கிறான்.

அதிகாரி பிழை செய்தால் தண்டியுங்கள்; தடுப்பாரில்லை. ஆனால் அவனை விரட்டிய ஆரவாரத்தில் கணக்குப் புத்தகத்தைக் கிணற்றில் எறிந்தவர்களை நீதிமான்கள் என்று கொண்டாடாதீர்கள். மக்களாட்சி என்பது மக்களின் அமானிதம். அதனை வாங்க வருபவன் முகத்தைக் காட்டட்டும், பெயரைச் சொல்லட்டும், தொகையை எழுதட்டும். அதற்கு அஞ்சுபவன் கொடுப்பது கொடையன்று, விலை.